அரைக் கை கசகசா

"கொட்டிடு தம்பி. இப்பவே கொட்டிடு."

திருச்சி விமான நிலையத்து வரிசையில் பின்னால் நின்ற, துபாயில் டிரைவர் வேலை பார்க்கிற ஆள் இப்படிச் சொன்னபோது, மிக்கேலின் மடியில் ஓர் எவர்சில்வர் டப்பா திறந்து கிடந்தது. பெட்டி எடை கூடிவிட்டதென்று சாமான்களைத் தரையில் பரப்பியதில் மூடி கழன்றுவிட்டது. உள்ளே குருமாப் பொடி. வாசனை வரிசை முழுக்கப் போய்விட்டது.

"கசகசா மணக்குது. துபாய்ல அது கஞ்சா மாதிரி. பிடிச்சா உள்ளதான்."

மிக்கேல் சமையல்காரன். துபாயில் ஒரு கம்பெனி மெஸ்ஸுக்கு வேலைக்குப் போகிறான், முதல் பயணம். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். அரைக் கை கசகசாவாவது இருக்கும். பாயசத்தில் போடுகிற சாமானுக்கு ஜெயிலா என்று சிரிப்புக்கூட வந்தது. டிரைவர் சிரிக்கவில்லை.

அபினிச் செடியின் விதைதான் கசகசா. காயைப் பச்சையாகக் கீறினால் வடிகிற பால் அபினி. ஆஸ்பத்திரியில் தாங்கமுடியாத வலிக்குக் கொடுக்கிற மருந்தும் அதிலிருந்துதான், ஆளையே தின்றுவிடும் போதையும் அதிலிருந்துதான். அதே காயை முற்றிக் காயவிட்டால் உள்ளே கலகலவென்று விதை. நம் ஊரில் பலசரக்குக் கடைக்காரர் பொட்டலம் கட்டித் தருவார். அந்த ஊர்ச் சட்டம் பால் வேறு, விதை வேறு என்று பார்ப்பதில்லை.

பொடி மிக்கேலுடையது இல்லை. அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த அருளப்பனுக்குப் போகவேண்டியது. அருளப்பன் எட்டு வருஷமாக அங்கே இருக்கிறான். காலையில் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டப்பாவைக் கொடுத்தது அவன் தங்கை அமலி.

"அம்மா அரைச்சது தம்பி. அண்ணன் கையிலயே குடுத்துரு."

நீட்டிய கையில் நகக்கண் எல்லாம் மஞ்சள்.

"அம்மா வரலியாக்கா?"

"கால் வலின்னு படுத்திருக்கு" என்றாள், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே.

மிக்கேல் குப்பைத் தொட்டியின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றான். பிறகு கொட்டினான். டப்பாவையும் போட்டான்.

துபாயில் அருளப்பன் விமான நிலையத்துக்கே வந்திருந்தான். கட்டிப்பிடித்த கையை எடுக்கும் முன்பே கேட்டான்: "அம்மா பொடி எங்கடா?"

"பெட்டிக்கு அடியில கெடக்குண்ணே. நாளைக்கு எடுத்துத் தர்றேன்."

மறுநாள் மெஸ் அடுப்பில் மல்லி, சோம்பு, பட்டை, மிளகாய் எல்லாம் வறுத்து, கசகசாவுக்குப் பதிலாக முந்திரியைப் போட்டு அரைத்தான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுத்தான். "பழைய டப்பா நசுங்கிப் போச்சுண்ணே."

வெள்ளிக்கிழமை அருளப்பன் கறிக் குருமா வைத்தான். ஒரு வாய் வைத்ததும் மெல்லுவதை நிறுத்தினான்.

"எங்கம்மா முந்திரி போடாதுடா. பொட்டுக்கடலைதான் போடும்."

மிக்கேல் எல்லாவற்றையும் உளறிவிட்டான். "கசகசா இருந்துச்சுண்ணே. பயந்துட்டேன்."

அடிப்பான் என்று நினைத்தான். அருளப்பன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கசகசாவா? நான் இங்க வந்த வருஷமே அம்மாகிட்ட சொல்லிட்டேன், அது இங்க ஆகாதுன்னு. அதுலேர்ந்துதான் பொட்டுக்கடலை. எட்டு வருஷத்துல ஒரு தடவகூட மறக்கல." கொஞ்சம் நிறுத்தினான். "நீ அம்மாவப் பாத்தியா?"

"இல்லண்ணே. அக்காதான் வந்துச்சு."

"மூணு மாசமா போன்ல அம்மா 'ம்' மட்டும்தான் கொட்டுது. காது மந்தமாயிருச்சுன்னு அமலி சொன்னா." தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பக்கவாதம்டா. கையும் போயிருக்கு, பேச்சும் போயிருக்கு. அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு."

முகம் பார்த்துப் பேசுகிற போன் வராத காலம் அது. ஒப்பந்தம் முடிய நாலு மாதம் இருந்தது. முறித்துக்கொண்டு ஊருக்கு ஓடினால் வேலை போகும், அம்மாவின் மருந்தும் நிற்கும். அவன் அப்படி ஓடி வந்துவிடக் கூடாதென்றுதான் அமலி தானே அரைத்து அம்மா பேரில் அனுப்பியிருக்கிறாள். கசகசா சமாசாரம் அவளுக்குத் தெரியாது. தெரிந்த அம்மாவால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை.

அருளப்பன் டெலிபோன் பூத்துக்குப் போய் ஊருக்குப் பேசினான்.

"அம்மாகிட்ட குடு. அம்மா, பொடி வந்துச்சும்மா. ஒன் கை மணம் அப்படியே இருக்கு."

"ம்."

பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

போனை வைத்துவிட்டு மிக்கேலிடம் சொன்னான்: "நாளைக்கு அமலிகிட்ட நீ பேசு. பொடியில கசகசா போடக் கூடாதுன்னு சொல்லிரு. அடுத்து எடுத்துட்டு வர்றவன் மாட்டிக்குவான். நான் சொன்னா, எனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு அவளுக்குப் புரிஞ்சிரும்."

தான் அரைத்ததை அம்மா அரைத்தது என்றாள் அமலி. தான் அரைத்ததை அம்மா அரைத்தது என்றான் மிக்கேல். இரண்டும் பொய் என்று தெரிந்தபிறகும் அம்மா கை மணம் என்றான் அருளப்பன். நீங்களே சொல்லுங்கள்: இந்த மூன்று பொய்யில் மன்னிக்கக் கூடாதது எது?

விடை: கொட்டியதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் கொட்டித்தான் ஆகவேண்டும். அமலி அண்ணனுக்காகப் பொய் சொன்னாள். அருளப்பன் தங்கைக்காகச் சொன்னான். மிக்கேல் தனக்காகச் சொன்னான், திட்டு வாங்கப் பயந்து. அதனால் அவனுடையதுதான் மோசம். அதையும்கூட மன்னித்துவிடலாம், மறுநாள் அவன் வாயைத் திறந்திருந்தால். போன் போட்டான். அமலி எடுத்ததுமே சிரித்தாள். "தம்பி, அண்ணன் என்ன சொல்லுச்சு தெரியுமா? அப்படியே அம்மா கை மணமாம்! மூணு மாசத்துல நேத்துத்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. அடுத்த மாசம் நம்ம தெரு ராயப்பன் அங்க வேலைக்கு வர்றான். இதே மாதிரி அரைச்சு அவன்கிட்டயும் குடுத்துவிடுன்னு அம்மாகிட்ட சொல்றேன்." கசகசா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அருளப்பன் அவனைப் பேசச் சொல்லியிருந்தான். "சரிக்கா" என்று மிக்கேல் போனை வைத்துவிட்டான்.