கல் புரட்டும் தம்பி

மீனும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. கடலடியில் பவளம் படர்ந்த பாறைத்திட்டைத் தென்கரையில் பார் என்பார்கள். பாரில் வாழும் மீன்களில் பெரிய மீன் ஒன்று உண்டு. ஆள் நீளத்துக்கு வளரும். இன்றைக்கு அதன் நெற்றியில் ஒரு புடைப்பு துருத்திக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அந்த நெற்றி வழவழவென்று இருந்தது. ஒரு கல்லை அசைக்கக்கூட அந்த மீனுக்குத் தெரியாது. வாய்க்கெதிரே வந்த நண்டைத் தின்றுவிட்டு அதுபாட்டுக்குக் கிடக்கும்.

அந்தக் கரையில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம். குளிப்பவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். மனைவியின் உடன்பிறந்தவனைத் தவிர வேறு எவனையும் நம்ப மாட்டார்கள். அக்காள் தாலி போவதை எந்தத் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான் என்பது கணக்கு. கணக்கு சரிதான், சேந்தனுக்குத்தான் அது வாய்க்கவில்லை. அவன் மனைவி உலகம்மை ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள். கயிறு பிடிக்க அவன் கூலிக்கு ஆள் வைத்திருந்தான். அவன் கரையேறும்வரை உலகம்மைக்கு ஒரு வாய்த் தண்ணீர் இறங்காது.

ஒரு நாள் கடல் வற்றியிருந்த நேரம் பாசி எடுக்கப் போனவள், கல்லிடுக்கில் தேங்கிய தண்ணீரில் அந்தப் பெரிய மீனின் விரல் நீளக் குஞ்சு ஒன்றைக் கண்டாள். வெளிர்பச்சை உடம்பு. கண்ணுக்குப் பின்னால் மை தீட்டினாற்போல் இரண்டு கோடு.

“தண்ணி சூடாகுது. என்னைக் கடல்ல விட்டுரு,” என்றது குஞ்சு.

“உனக்குக் கூடப்பிறந்தவ யாரும் உண்டா?”

“முட்டையில இருந்து வந்தவன் நான். யாரைன்னு சொல்ல?”

“அப்போ நான்தான் உனக்கு அக்கா. வளந்ததும் கடலுக்கடியில உன் மச்சானுக்குத் துணை போகணும். சம்மதமா?”

குஞ்சு சம்மதித்தது. கயிறு பிடிக்கக் கை இல்லாவிட்டால் என்ன, தண்ணீருக்குள்ளேயே கூட நிற்கலாமே. உலகம்மை குடத்தில் தம்பியை ஏந்தி வந்தாள். ஊர் வாயை மூடிக்கொண்டா இருக்கும்? தம்பிக்கு வேட்டி எத்தனை முழம் எடுத்தாய் என்று கேட்டவர்களும் உண்டு.

சேந்தன் கரைப்பாறையில் ஒரு பள்ளம் பார்த்து, சுண்ணாம்பு குழைத்துச் சுற்றிலும் சுவர் எழுப்பினான். கடல்நீர் வந்துபோக ஒரு மடை வைத்தான். பெரிய மீன் ஏதாவது நுழைந்து தம்பியைத் தின்றுவிடக் கூடாதே என்று அந்த மடையைக் கையகலத்துக்குக் குறுக்கச் சொன்னவள் உலகம்மை.

தம்பி வளர்ந்தான். பச்சையோடு நீலம் கலந்தது, முகமெல்லாம் கோலம் போட்டதுபோல் கோடுகள் நெளிந்தன. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். உலகம்மைக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறந்த வீட்டில் யாருமில்லாதவளுக்கு அந்தத் தொட்டியே பிறந்த வீடாகிவிட்டது. எதற்காக அவனை வளர்க்கிறோம் என்பது மெல்ல மெல்ல மறந்துபோனது.

“அக்கா, திரும்பினா வால் சுவர்ல இடிக்குது. என்னை விடு,” என்றான் தம்பி.

“வெளிய சுறா திரியுது. இன்னும் கொஞ்சம் வளரு.”

சேந்தனும் சொல்லிப் பார்த்தான். “கூலிக்காரன் பாதி நேரம் தூங்குதான் உலகம்மை. எனக்குத் துணைக்குன்னுதானே இவனை வளர்த்தோம். சுவரை இடிச்சு விட்டுருவோம்.”

“இந்தச் சங்குக் காலம் முடியட்டும்,” என்றாள் அவள். போன சங்குக் காலத்திலும் இதையேதான் சொன்னாள். அவள் முகம் வாடினால் சேந்தனுக்குப் பொறுக்காது. கயிற்றை எடுத்துக்கொண்டு வள்ளத்துக்குப் போனான்.

அன்று கடல் அலையில்லாமல் கிடந்தது. உலகம்மை தொட்டியோரம் உட்கார்ந்து நண்டை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி தின்னவில்லை. அசையாமல் நின்றான்.

“பாருல கல் சரிஞ்சிருக்கு அக்கா.”

“யாரு சொன்னா?”

“தண்ணியில கேக்குது. கயிறு அறுந்துட்டு. மச்சான் கல்லுக்கு அடியில கிடக்காரு. கையில இருக்க சங்கால தட்டுதாரு.”

உலகம்மை எழுந்தாள். கடலைப் பார்த்தாள். தூரத்தில் வள்ளம் நின்ற இடத்தில் நின்றது. கரையில் ஒரு சத்தமும் இல்லை.

அந்தக் காலத்து மூச்சு நம் மூச்சைப் போல அரைகுறை மூச்சல்ல. ஒரு உலை அரிசி வேகும்வரை அடக்குவார்கள். அவ்வளவு நேரம்தான் அவளிடம் இருந்தது.

“போ தம்பி. அந்தத் தட்டுற சத்தத்தைப் பிடிச்சே போ,” என்றாள்.

எப்படிப் போவான்? மடையில் அவன் மூக்கு மட்டும்தான் நுழைந்தது. உலகம்மை வீட்டுக்கு ஓடிப்போய்க் கடப்பாரையைத் தூக்கி வந்தாள். சேந்தன் கட்டிய சுவர், அவ்வளவு லேசில் விழுமா? வெளியிலிருந்து அவள் குத்தினாள். உள்ளிருந்து தம்பி நெற்றியால் முட்டினான். தோல் கிழிந்து தொட்டி நீர் சிவந்தது.

“கேக்குதா?”

“கேக்குது.”

அவள் இன்னும் ஓங்கிக் குத்தினாள். அவன் பின்வாங்கிப் பின்வாங்கி வந்து முட்டினான். நெற்றி வீங்கி மேடாகிவிட்டது.

“இப்போ?”

“கேக்குது. மெதுவாக் கேக்குது.”

சுவரில் விரிசல் ஓடியது. உலகம்மை கடப்பாரையை வீசிவிட்டு வெறுங்கையால் கல்லைப் பிடுங்கினாள். நகம் பெயர்ந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. சுவர் சரிந்தது. தம்பி பாதி உடம்பு கடலிலும் பாதி தொட்டியிலுமாக அப்படியே நின்றுவிட்டான்.

“ஏன் நிக்க?”

“நின்னுட்டு அக்கா. தட்டுற சத்தம் நின்னுட்டு. எந்தக் கல்லுன்னு எனக்குத் தெரியலியே.”

உலகம்மை அழவில்லை. “எல்லாக் கல்லையும் பாரு,” என்றாள்.

அவன் போனான். பொழுது சாயும்வரை பாருக்கு மேலே தண்ணீர் கலங்கிக்கொண்டே இருந்ததை வள்ளத்துக்காரர்கள் பார்த்தார்கள். வீங்கிய நெற்றியை முட்டுக் கொடுத்துக் கல்லைத் தூக்கினான். வாயால் கவ்விப் புரட்டினான். அடியில் ஒளிந்திருந்த நண்டும் நத்தையும் சிதறி ஓட, அவற்றைத் தின்னச் சின்ன மீன்கள் அவன் பின்னாலேயே கூட்டமாய் வந்தன. சேந்தன் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை.

உலகம்மை தினமும் கழுத்தளவு தண்ணீரில் போய் நிற்பாள். “இன்னும் இல்லை அக்கா,” என்பான் தம்பி. போதும், வந்துவிடு என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லாமலே அவள் காலமும் முடிந்தது.

அந்த நாளிலிருந்துதான் அந்த மீன் இனத்துக்கே நெற்றி புடைத்தது, அது பாரில் எந்தக் கல்லையும் புரட்டாமல் விடுவதில்லை. குஞ்சின் அழகில் மயங்கி அதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதுவும் கொஞ்ச நாள் சமர்த்தாகத்தான் இருக்கும். வளர்ந்ததும் தொட்டிக் கல்லையெல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றியால் முட்டத் தொடங்கும். போதும் என்று அதனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.