பாதிச் சொல்

"சிஸ்டர், ஒரு உயிர் வாழுமா வாழாதான்னு எதை வெச்சு முடிவு பண்றது?"

உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டாள் பிரிஸ்கா. ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. தோளில் மூன்று மாதக் குழந்தை அமலி. கையில் ஒரு கட்டுத் தாள்.

விலங்கியல் ஆய்வகத்தின் கடைசி மேசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் சிஸ்டர் இன்னாசியா. பிரிஸ்காவுக்கு இதே கல்லூரியில் பாடம் நடத்தியவர். இப்போது பிரிஸ்காவும் இங்கேயே ஆசிரியை.

"எந்த உயிர்?"

"போட்டிக்கு வந்த உயிர்தான்."

பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

ஆண்டுதோறும் மாணவிகள் வேறு கிரகத்துக்கென்று ஓர் உயிரைக் கற்பனை செய்து வரைவார்கள். அது வாழுமா என்று பிரிஸ்கா தீர்ப்பு எழுதுவாள். தேறாத தாளில் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: பிழை. அந்தச் சொல் விழாத தாளைப் பார்த்தவர்கள் குறைவு. 'எமன் மிஸ்' என்று அவளுக்குப் பேர்.

"காட்டு."

பிரிஸ்கா குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு, முதல் தாளை நகர்த்தினாள். யானை அளவு எறும்பு.

"நிக்காது சிஸ்டர். உடம்பு அவ்வளவு பெருசாகுது, கால் மட்டும் ஈர்க்குச்சியாவே இருக்கு. முறிஞ்சிரும்."

"அந்தக் கிரகத்துல எடை எப்படி?"

"பூமி மாதிரியேன்னு எழுதியிருக்கா."

"அப்போ முறியும். அடுத்தது."

வெயிலை மட்டுமே தின்று ஓடும் குதிரை.

"முதுகுல விழுற வெயில் ஓடப் பத்தாது. நாலு எட்டு வைக்குறதுக்குள்ள மயங்கிரும்."

"ஓடாம படுத்தே கிடந்தா?"

பிரிஸ்கா யோசித்தாள். "கிடக்கலாம். ஆனா அதை யாரு குதிரைன்னு சொல்லுவா?"

"ஏட்டி, உன்கிட்ட பேரைக் கேட்டாங்களா, உயிரைக் கேட்டாங்களா?"

மூன்றாவது, தலையில்லாத பறவை. மூளை வயிற்றுக்குள். தாளின் மேலேயே சிவப்புச் சொல் இருந்தது.

"இதுல என்ன தப்பு?"

"மூளை அங்க இருக்கக் கூடாது."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சிஸ்டர். இரண்டாம் வருஷத்துல."

"பூமியில எங்க இருக்குன்னு சொன்னேன். எங்க இருக்கணும்னு சொன்னேனா?"

பிரிஸ்கா சிவப்புப் பேனாவை ஒரு கையாலேயே மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.

"இன்னொண்ணு இருக்கு. தாள்ல இல்ல."

சிஸ்டர் தாள்களை ஒதுக்கிவைத்தார்.

"இதயம் வலப்பக்கம். ஈரல் இடப்பக்கம். இரைப்பை, மண்ணீரல் எல்லாமே பக்கம் மாறி. கண்ணாடியில பாக்குற மாதிரி."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எதைத் தின்னும்?"

"பால்."

"மூச்சு?"

"விடுது."

"விடுமா, விடுதா?"

பிரிஸ்கா அமலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். அலமாரியில் வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே தவளை, ஓணான், பிறக்காத ஆட்டுக்குட்டி. வந்ததிலிருந்து பிரிஸ்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"டாக்டர் என்ன சொன்னார்?" சிஸ்டரின் குரல் தணிந்திருந்தது.

"நேத்து ஸ்கேன் பாத்தாங்க. பக்கம் மாறினது மட்டும்னா பயம் இல்லையாம். உள்ளுக்குள்ள ஓட்டை, அடைப்பு ஏதும் இருக்கான்னு பெரிய டாக்டர் நாளைக்குப் பாத்துதான் சொல்லுவாராம். நாளை வரைக்கும் நான் என்ன செய்ய, சிஸ்டர்? இதையே ஒரு பிள்ளை வரைஞ்சு கொண்டாந்திருந்தா நான் என்ன எழுதியிருப்பேன் தெரியுமா?"

"சொல்லு."

"பிழை."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மடியில் அமலி கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் இன்னொரு கை எங்க இருக்கு?"

பிரிஸ்கா குனிந்து பார்த்தாள். உள்ளங்கை குழந்தையின் இடது மார்பில் இருந்தது. நேற்றிலிருந்து அங்கேதான். தொட்டிலிலும் அங்கே, ஆட்டோவிலும் அங்கே. ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாத ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அந்தப் பக்கம் தொட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

"தொட்டா நிஜமாயிரும்."

"இதயம் வலப்பக்கம்னு எனக்குச் சொன்னது நீதானே?"

"நான்தான்."

"பின்ன இந்தப் பக்கம் யாரைத் தேடுறே?"

சிஸ்டர் எழுந்து வந்தார். பிரிஸ்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். கை வர மறுத்தது. சிஸ்டர் இழுக்கவில்லை, விடவும் இல்லை. பிடித்தபடி நின்றார், அது தானாக இளகும்வரை. பிறகு மெல்ல நகர்த்தி, வலது மார்பில் வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு, கோழிக்குஞ்சைக் கைக்குள் பொத்தினாற்போல, சின்னதாக, படபடவென்று.

பிரிஸ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன எழுதுவேன்னு சொன்னே?"

"பிழை..."

"பாதியில நிறுத்தாத. முடி."

உள்ளங்கைக்குக் கீழே அது விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"...க்கும்," என்றாள் பிரிஸ்கா.