அரக்கோணம் தொலைந்த நாள்

கோவையில் பஸ் டிக்கெட் மென்பொருள் எழுதிய அந்த நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் தில்லைநாயகி இன்றும் சிரிப்பாள். அப்போது அவள் ஆறு மாத ஒப்பந்தக்காரி. மேலாளர் சிகாமணியோ தான் எழுதும் புரோகிராமில் பிழையே வராது என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

ஒருநாள் சிகாமணி, எண்ணூறு ஊர்ப் பெயர்கள் கொண்ட பட்டியலைக் கலைத்துத் திருத்தி அமைத்தார். பிறகு நாயகி அதன் கடைசியில் ஓர் ஊரைச் சேர்த்தாள். மறுநாள் பட்டியலில் அரக்கோணத்தைக் காணோம்.

"கடைசியா கை வச்சது நீதான். தொலைச்சது நீ இல்லேன்னா மத்தியானத்துக்குள்ள நிரூபி. முடியலேன்னா ஐடி கார்டைக் குடுத்துட்டுக் கிளம்பு," என்றார் சிகாமணி.

ஒவ்வொரு மாற்றத்தின் நகலும் சர்வரில் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லா ஊரும் இடம் மாறி, நீக்கியது சிவப்பு, சேர்த்தது பச்சை என்று திரை முழுக்கச் சிவப்பும் பச்சையும். நாயகி ஒரு டீ குடித்தாள். சிகாமணி தொடுவதற்கு முந்தைய நகலையும், அவர் சேமித்த நகலையும் அகர வரிசையில் அடுக்கி, மறுபடி ஒப்பிட்டாள். ஒரே ஒரு வரி சிவந்து நின்றது: அரக்கோணம். சிகாமணி சேமித்த நகலிலேயே அது இல்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எல்லாரையும் அவங்கவங்க நாற்காலியில உட்காரச் சொன்னேன் சார். காலி நாற்காலி தெரிஞ்சுபோச்சு."

சிகாமணி தொண்டையைச் செருமினார். "இனிமே எல்லாப் பட்டியலும் அகர வரிசைதான். இது என் உத்தரவு."

"சரிங்க சார்," என்ற நாயகி, பட்டியலின் உச்சியில் ஒரு குறிப்பு எழுதினாள். இருபது வருஷமாகியும், கோயில் ட்யூப்லைட்டில் எழுதியதுபோல அது அங்கேயே இருக்கிறதாம்:

"அரக்கோணம் தொலைந்த நாள் முதல் இந்த அகர வரிசை, சிகாமணி சார் உபயம்."