மரத்தின் பின்பக்கம்

மருதனுக்கும் வாகைக்கும் அந்த ஆண்டு வீடு இல்லாமல் போயிற்று. இருவரும் இருவாச்சிப் பறவைகள், கணவன் மனைவி. கீழைக்காட்டில் அடித்த சூறைக்காற்று பெரிய மரங்களை எல்லாம் வேரோடு சாய்த்துவிட்டது. மரங்களோடு பொந்துகளும் போயின. இருவாச்சிக்கு அலகு என்னவோ முழ நீளம். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பொந்து குடையத் தெரியாது. யாரோ குடைந்த பொந்தில்தான் குடியேற வேண்டும்.

கிளையில் கூடு கட்டிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது அந்தக் குலத்தில் நடக்காது. முட்டையிடும் நேரம் வந்ததும் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய்விடும். வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே போனதும் அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும், பறக்க முடியாது. குஞ்சு வளரும் வரை, ஆண் கொண்டுவந்து கீறல் வழியாகக் கொடுக்கும் பழம்தான் அதற்கு உயிர்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரு பெண் அடைந்திருக்கும் மரத்தை யாரும் சுற்றிப் பறக்கக் கூடாது. வாசலுக்கு நேரே வர வேண்டும், நேரே திரும்பிப் போக வேண்டும். சுற்றி வருபவன் திருடன் என்பது அவர்கள் கணக்கு. மருதன் இந்த விஷயத்தில் மிகவும் நாசூக்கானவன்.

"மலைக்கு அந்தப் பக்கம் மேலைக்காட்டுல பொந்து வாடகைக்கு விடறாங்களாம்," என்றாள் வாகை. "பதினெட்டு ஜாதிக்காய் அட்வான்ஸ் கேப்பாங்களாம். காலி பண்றப்ப திருப்பிக் கொடுத்துடுவாங்களாம்."

"நம்மகிட்ட பதினெட்டுதான் இருக்கு."

"அதான் சொல்றேன். சரியா இருக்கு."

காட்டு ஜாதிக்காய் கெடாது. மழைக்காலத்தில் பழம் கிடைக்காத நாட்களுக்கு அதுதான் சேமிப்பு. அந்தப் பதினெட்டைச் சேர்க்க வாகை போன மழை முழுவதும் அரை வயிறோடு இருந்தாள். மருதன் அவற்றைத் தொண்டைக்குள் அடக்கிக்கொண்டு புறப்பட்டான்.

மேலைக்காட்டில் அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அங்கே பறவைகள் வேறு மாதிரி கூவின. யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் ஒரு சுனையில் இறங்கித் தண்ணீர் குடித்தான். சுனைக்கரையில் ஓர் ஆமை இருந்தாள். அவளுக்கு எல்லா ஊர்ப் பேச்சும் கொஞ்சம் கொஞ்சம் வரும், ஏனென்றால் ஊர் விட்டு வருபவர்களுக்கும் பொந்துக்காரர்களுக்கும் நடுவில் நிற்பதுதான் அவள் தொழில்.

"பொந்து தேடி வந்தியா?" என்று ஆமை கேட்டாள். "அட்வான்ஸை நேரா யாருக்கும் கொடுக்காத. என்கிட்ட கொடு. நான் போய் மரத்தைப் பார்ப்பேன். உன் வீட்டுக்காரி உள்ள போய் உட்கார்ந்த பிறகுதான் பொந்துக்காரங்களுக்கு எடுத்துக் கொடுப்பேன். கூலி ஒரு காய். அதையும் பொந்துக்காரங்க பங்குலதான் பிடிச்சுக்குவேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"நான் நடந்து போய்ப் பார்த்துட்டு வரணும். பதினஞ்சு நாள்."

பதினைந்து நாள் தாங்காது என்று மருதன் கணக்குப் போட்டான். வாகைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு அவன் ஒரு கிளையில் போய் உட்கார்ந்தான். அப்போதுதான் பக்கத்துக் கிளையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

"என்னண்ணே, கீழைக்காடா?"

கீழைக்காட்டு இருவாச்சியின் குரல், அச்சு அசலாக. மருதன் பரபரவென்று திரும்பினான். இருவாச்சி யாரும் இல்லை. ஒல்லியான ஒரு கரிச்சான் குருவி வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நீ எப்படி எங்க பேச்சு பேசற?"

"தரகு வேலைண்ணே. கிளி வந்தா கிளி பேச்சு, மைனா வந்தா மைனா பேச்சு. நீங்க வந்தா உங்க பேச்சு. ஊர் விட்டு ஊர் வந்தவங்களுக்கு நம்ம பாஷையில நாலு வார்த்தை கேட்டா ஒரு தெம்பு இல்லையா?"

மருதனுக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. இரண்டு நாளாகத் தன் பாஷையில் மனம்விட்டுப் பேச ஆளில்லாமல் இருந்தவன், தன் கதை முழுவதையும் கொட்டிவிட்டான். சூறைக்காற்று, வாகை, பதினெட்டு காய், ஒன்று விடவில்லை. கரிச்சான் உச்சுக் கொட்டிக் கேட்டது.

"உங்க நல்ல நேரம்ண்ணே. உங்க இனத்துக்காரம்மா ஒருத்தரே ஒரு பொந்துல இருக்காங்க. பத்து நாள்ல குஞ்சு பறந்துடும். அப்புறம் பொந்து காலி. ஆனா இன்னைக்கு சாயங்காலம் ஒரு ஆந்தைக் குடும்பம் அட்வான்ஸோட வருது. நீங்க ஆமைகிட்ட போனீங்கன்னா, அவ நடந்து முடிக்கிறதுக்குள்ள ஆந்தை அங்க குஞ்சு பொரிச்சிருக்கும்."

இதைக் கேட்டு மருதன் சிரித்தான். ஏமாறப் போகிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

கரிச்சான் அவனை ஒரு பருத்த நாவல் மரத்துக்கு அழைத்துப் போனது. நடு மரத்தில் மண் பூசிய வாசல், நடுவில் நேர்த்தியான கீறல். பார்த்ததும் மருதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த ஊரில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது.

"நீங்க பேசிக்கிட்டிருங்கண்ணே. பொம்பளைங்க அடைஞ்சிருக்கிற இடம், நான் நிக்கிறது மரியாதை இல்ல," என்று சொல்லிவிட்டுக் கரிச்சான் பறந்து போயிற்று. எவ்வளவு பண்பான பிள்ளை என்று மருதன் நினைத்துக்கொண்டான்.

"அம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

"வாங்கண்ணா," என்றது உள்ளிருந்து ஒரு பெண் குரல். "தம்பி சொல்லிச்சு. நான் அடைஞ்சிருக்கேன், முகம் காட்ட முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

"ஐயோ, நான் எப்படிம்மா கேப்பேன்? எனக்குத் தெரியாதா?"

"பத்து நாள் கழிச்சு அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. அட்வான்ஸை இப்படியே கீறல் வழியா போட்டுடுங்க."

மருதன் முதல் காயை நீட்டினான். வாகைக்குப் பழம் கொடுக்கும்போது அவள் அலகு நுனி அவன் அலகில் ஒரு கணம் தொடும். இங்கே தொடவில்லை. காய் உள்ளே விழுந்தது, அவ்வளவுதான். பிற ஆண் என்று கூச்சப்படுகிறாள் போலிருக்கிறது என்று எண்ணினான். கீறலிலிருந்து அவன் முகத்தில் குளிர்ந்த காற்று வீசியது. அடைத்த பொந்து வெதுவெதுப்பாகத்தான் மூச்சு விடும். நல்ல காற்றோட்டமான வீடு என்று சந்தோஷப்பட்டான். பொந்தில் பெண் இருந்தால் மரத்தடியில் எச்சமும் கொட்டையும் குவிந்து கிடக்கும். இங்கே தரை துடைத்து வைத்தது போல இருந்தது. சுத்தமான குடும்பம் என்று பாராட்டினான்.

மரத்தை ஒரு முறை, ஒரே ஒரு முறை, சுற்றிப் பறந்திருந்தால் போதும். பறக்கவில்லை. அது மரியாதை இல்லையே.

பதினெட்டுக் காயும் உள்ளே போயிற்று.

பத்து நாள் கழித்து மருதன் வாகையைக் கூட்டிக்கொண்டு வந்தான். மலையைக் கடக்கும்போது அவள் நான்கு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறினாள். முட்டை இன்றோ நாளையோ என்று இருந்தது. வாசலில் மண் பூச்சு அப்படியே இருந்தது. மருதன் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். இல்லை.

"போயிட்டாங்க போலிருக்கு. நமக்காக வாசலைக்கூடக் கலைக்காம விட்டிருக்காங்க பார்," என்றான். அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை.

வாகை அலகால் மண்ணைக் கொத்தினாள். அது இருவாச்சி பூசிய பூச்சு அல்ல. ஒரு குத்துக்கே பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் தலையை உள்ளே நீட்டினாள். 

"என்ன தெரியுது?" என்றான் மருதன்.

"வானம்," என்றாள் வாகை.

எப்போதோ இடி விழுந்த மரம் அது. முன்பக்கம் முழுதாக இருந்தது. பின்பக்கம் உச்சியிலிருந்து வேர் வரை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கீறலில் போட்ட காய் ஒவ்வொன்றும் உருண்டு பின்னால் தரையில் விழுந்திருக்கிறது. கரிச்சான் பின்பக்கம் சௌகரியமாக உட்கார்ந்து பெண் குரலில் பேசிவிட்டு, பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறது.

மருதன் சுனைக்குப் பறந்தான். ஆமை எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்பவும் ஒரு பொந்து காலியா இருக்கு," என்றாள். "மரங்கொத்தியோடது. நல்ல பொந்து, நானே பார்த்திருக்கேன். அட்வான்ஸ் பதினெட்டு."

"என்கிட்ட ஒண்ணுகூட இல்லையே. குஞ்சு பறந்ததும் உழைச்சுக் கொடுத்துடறேன். எனக்காக நீங்க மரங்கொத்திகிட்ட சொல்லுங்கம்மா."

"சொல்லாம இருப்பேனா? போன வருஷம் ஒருத்தருக்காக இப்படித்தான் சொன்னேன். அவங்க சொல்லாம கொள்ளாம போயிட்டாங்க. மரங்கொத்தி இனிமே என் பேச்சைக் கேக்க மாட்டா. என் கூலி ஒரு காயை வேணும்னா விட்டுடறேன். மீதிக்கு நான் எங்க போவேன், சொல்லு."

அவன் திரும்பி வந்தபோது வாகை நாவல் மரத்துக்குள், வாசலை ஒட்டிய சிறு திட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். முட்டை காத்திருக்காது. அன்று மாலையே இட்டுவிட்டாள். முட்டையிட்டதும் சிறகுகள் உதிரத் தொடங்கின. இனி நல்ல பொந்து கிடைத்தாலும் அவளால் பறந்து போக முடியாது.

மருதன் வாசலில் மண் பூசிக் கொடுத்தான். பின்பக்கத்தையும் அடைக்கப் பார்த்தான். ஓரமே இல்லாத இடத்தில் மண் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? காலையில் பூசியது மதியத்தில் விழுந்தது. மதியத்தில் பூசியது மாலையில் விழுந்தது. அலகு தேய்ந்ததுதான் மிச்சம்.

வழக்கப்படி பெண் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். வாகை வாசலுக்கு முதுகு காட்டி, பிளவைப் பார்த்துக் காவல் உட்கார்ந்தாள். மருதன் பழத்தோடு வந்து கீறலில் அலகை நீட்டினால், அவள் முட்டையிலிருந்து எழுந்து திரும்ப வேண்டியிருந்தது. "சீக்கிரம் கொடு," என்பாள். ஒரு பழத்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிடுவாள். இரண்டு நாள் அவள் சரியாகவே சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மருதன் வெகு தூரம் போய், அவளுக்குப் பிடித்த கனிந்த அத்திப்பழம் தேடிக் கொண்டுவந்தான். நிறையக் கொண்டுவந்தான்.

"இன்னைக்காவது வயிறு நிறைய சாப்பிடு," என்றான். "இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு வாங்கிக்கோ."

பசித்தவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் அவள் அலகு நுனி அவன் அலகில் தொட்டது. ஏழாவது பழத்தை வாங்கியவள் திரும்பினாள். பிறகு அசையவில்லை.

"என்ன வாகை? இன்னும் இருக்கு."

மருதன் வாசலை விட்டு எழும்பினான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண் அடைந்திருக்கும் மரத்தைச் சுற்றிப் பறந்தான். பின்பக்கம் ஓர் உடும்பு நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வாயில் ஓட்டின் ஒரு துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. பிளவுக்குள்ளே வாகை உட்கார்ந்திருந்தாள். சிறகுகள் இல்லை, எதிரே மறைக்க ஒன்றும் இல்லை, கால்களுக்கு இடையே ஒன்றும் இல்லை. அவள் அலகில் ஏழாவது பழம் அப்படியே இருந்தது.

"நான் திரும்பியிருக்கக் கூடாது," என்றாள்.

"நீ என்ன செய்வே," என்றான் மருதன்.  அவளை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

சிறகு முளைக்க மூன்று மாதம் ஆகும். அதுவரை வாகை அந்த முதுகில்லாத மரத்திலேயே இருக்க வேண்டும், உடும்பு மறுபடி வந்தாலும் சரி. மருதன் இப்போது கீறலுக்குப் போவதில்லை. பின்பக்கம் வந்து, பிளவின் குறுக்கே தன் பெரிய உடம்பை வைத்து உட்கார்ந்துகொள்கிறான். பழம் தேடப் போகும் நேரம் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கும்.

ஒரு நாள் அப்படிப் போகும் வழியில், மலையிலிருந்து புதிதாக வந்த கிளிகள் இரண்டைப் பார்த்தான். அவற்றின் பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு குரல், அச்சு அசல் கிளிக் குரல், பிரியமாகக் கேட்டது: "என்னண்ணே, ஊருக்குப் புதுசா?"

மருதன் கத்தினான். கிளிகளுக்கு அவன் பாஷை புரியவில்லை. முழ நீள அலகோடு எவனோ சண்டைக்கு வருகிறான் என்று பயந்து, அவை கரிச்சானின் பின்னால் ஒதுங்கிக்கொண்டன.

அயலூரில் வாடகைக்கு வீடு பிடிப்பவர்களே, நம் பாஷை பேசுகிறான் என்பதற்காகவோ நேரமில்லை என்பதற்காகவோ, வீட்டை முன்னும் பின்னும் பார்க்காமலும் நடுவில் பொறுப்பேற்க ஒருவர் இல்லாமலும் முகம் காட்டாதவருக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.