வாசல் காத்த எதுகை

ஒரு காட்டில், வட்டமாக வளர்ந்த சப்பாத்திக்கள்ளி வேலிக்குள் குடியிருந்தவர்கள் இவர்கள்: முயல்கள் ஐந்து, முயல்குட்டிகள் பதினெட்டு, வயலெலிகள் பதின்மூன்று, ஆமைகள் இரண்டு, ஓணான் ஒன்று, வாசல் காக்கும் முள்ளெலி ஒன்று. மொத்தம் நாற்பது.

அன்று காலை உள்ளே இருந்தவர்கள் முப்பத்தொன்பது. முள்ளெலி இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டது. வெளியே போயிருந்தது தும்பை என்ற தாய்முயல். இலந்தைப் பழம் பொறுக்கிவர அன்று அதன் முறை. அது போனபிறகு பனி இறங்கிவிட்டது. தன் மூக்கு நுனியே தனக்குத் தெரியாத பனி.

வேலிக்குள் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வருகிறவருக்கு முள்ளெலி ஒரு வரி சொல்லும். வருகிறவர் எதுகை பொருந்த இன்னொரு வரி சொல்லவேண்டும். இரண்டு வரிகளின் முதல் சொற்களிலும் இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதுதான் எதுகை. முந்தைய நாள் முள்ளெலி, "கல்லும் முள்ளும் வழியிலே" என்றது. வந்த வயலெலி, "நெல்லும் புல்லும் வயலிலே" என்றது. கதவாக இருந்த முள்கட்டை உருண்டது. வயலெலி உள்ளே வந்தது. ஒரு நாள் சொன்ன வரியை மறுநாள் முள்ளெலி சொல்லாது.

இதையெல்லாம் நான்கு நாட்களாகப் புதருக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நரி.

நரியின் ஊளை எப்படி இருக்கும்? தொடக்கம் சின்னதாக இருக்கும், முடிவுதான் நீண்டுகொண்டே போகும். அதனால் நரியின் காதுக்கு எதிலும் முடிவுதான் கேட்கும். 'வழியிலே, வயலிலே. வால் பொருந்தினால் வாசல் திறக்கும். இவ்வளவுதானா?' என்று அது நினைத்துக்கொண்டது.

பனிக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது. "முள்ளெலி அண்ணே, நான்தான் தும்பை. குளிர் தாங்கவில்லை. கதவைத் திறங்கள்."

குரல் தும்பையின் குரல் போலவே இருந்தது. தும்பையின் குட்டிகள் நான்கும் துள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தன.

முள்ளெலி தன் வரியைச் சொன்னது. "தண்ணீர் குளத்தில் தேங்குது."

உடனே பதில் வந்தது. "குட்டிகள் உள்ளே தூங்குது."

"நாங்கள் தூங்கவில்லையே, அம்மா. முழித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றது ஒரு குட்டி.

ஓணான் எதற்கும் தலையாட்டும். இதற்கும் ஆட்டியது. "அருமை. தேங்குது, தூங்குது. தேன் மாதிரி இருக்கிறது. திறங்கள், முள்ளெலியாரே."

முள்ளெலி கட்டையைத் தொடவில்லை. 'தண்ணீர். இரண்டாம் எழுத்து ண். குட்டிகள். இரண்டாம் எழுத்து ட். பொருந்தவில்லையே.'

"என்ன யோசனை? குளிரில் நிற்கிறவளிடம் எழுத்து எண்ணிக்கொண்டு இருப்பீர்களா? எண்ணுகிறவருக்குப் பாட்டு எங்கே ரசிக்கப்போகிறது?" என்றது ஓணான்.

வேலியின் பின்பக்கத்தில் உள்ள சிறு சந்து ஒன்றைத் தன் ஓட்டால் அடைத்துக்கொண்டு கிடக்கும் பெரிய ஆமையைத் தவிர, மற்ற முப்பத்தேழு பேரும் முள்ளெலியையே பார்த்தார்கள். பத்துப் பேர் பார்த்தாலே வெட்கத்தில் பந்தாகச் சுருண்டுவிடுகிற பிராணி அது. சுருளத்தான் தோன்றியது. ஆனால் சுருண்டுகொண்டால் ஓணானே கட்டையை உருட்டிவிடும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தும்பை நல்ல பாட்டுக்காரி. ஆனாலும் குளிரில் யாருக்கும் வாய் தடுமாறலாம். நிற்பது தும்பையாகவே இருந்து, திறக்காமல் விட்டால், அந்தப் பனிக்குள் அவளை யார் காப்பாற்றுவது? நிற்பது தும்பை இல்லையென்றால், வாசலில் வரிசையாக நிற்கும் இந்த நான்கு குட்டிகள் என்ன ஆவார்கள்?

"இன்னொரு வரி சொல்கிறேன்" என்றது முள்ளெலி, தரையைப் பார்த்தபடி. "கவனமாகப் பதில் சொல், தாயே. வெள்ளைப் பனியும் மூடுது."

"குட்டியைக் கண்கள் தேடுது" என்று வந்தது பதில், முன்னைவிட இனிமையாக.

"மூடுது, தேடுது. ஆகா" என்றது ஓணான்.

முள்ளெலி மெல்ல எண்ணியது. வெள்ளை, ள். குட்டி, ட். இரண்டாம் முறையும் இல்லை. இரண்டு முறையும் முதல் சொல் குட்டிதான். தாய்க்குக் குட்டி ஞாபகம் வருவது சரி. ஆனால் எதுகை அடியோடு மறந்துபோகுமா?

அப்போது வேலியின் பின்பக்கத்திலிருந்து, பெரிய ஆமையின் ஓட்டை ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு கரகரத்த குரல் கேட்டது. தாழ்ந்த குரல். வாசல் பக்கத்தில் முள்ளெலியின் காதுக்குத்தான் எட்டியது.

"கள்ளன் வாசலில் காத்திருக்கான்.
பிள்ளை பத்திரம். பின்னால் வருகிறேன்."

வெள்ளை, கள்ளன், பிள்ளை. மூன்றிலும் ள். போதாததற்கு வரிக்குள்ளேயே கள்ளனுக்குக் காத்திருக்கான், பிள்ளைக்குப் பின்னால் என்று முதல் எழுத்து பொருந்த மோனையும் வைத்திருந்தாள் தும்பை. முடிவு மட்டும் எதற்கும் பொருந்தவில்லை. இனிமையும் இல்லை. அவளுக்குச் சளி பிடித்திருந்தது.

முள்ளெலிக்கு மூச்சு வந்தது. அது குட்டிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "ஆமையம்மா, கொஞ்சம் நகருங்கள்" என்று கிசுகிசுத்தது. பிறகு வாசலைப் பார்த்து, "நன்றாகப் பாடுகிறாய், தாயே. உள்ளே இருக்கிறவர்கள் இன்னும் கேட்க ஆசைப்படுகிறார்கள்" என்றது.

புகழ்ச்சி கேட்ட நரி பாடியது. ஓடுது, ஆடுது, கூடுது, வாடுது. வாலுக்கு வால் ஒட்டிக்கொண்டே போனது. ஓணானின் தலை ஓயவில்லை. ஏழு வரி முடிவதற்குள் தும்பை பின்சந்தின் வழியாக நுழைந்துவிட்டாள். முதுகில் தேக்கிலைப் பொட்டலம். ஆமை மறுபடியும் சந்தை அடைத்துக்கொண்டது.

தும்பையைப் பார்த்ததும் ஓணானின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது. "அப்படியானால் வெளியே பாடுவது யார்?"

"பார்த்துவிடலாம்" என்றது முள்ளெலி. கட்டையை நான்கு விரல் அளவுக்கு நகர்த்தியது. "திறந்தாயிற்று, தாயே. முதலில் மூக்கை விடு."

மூக்கு வந்தது. கறுத்து, நீண்டு, ஈரமாக. அது எந்த முயலின் மூக்கும் இல்லை.

எப்போதும் வெட்கத்தில் சுருளும் முள்ளெலி, அன்று வேண்டுமென்றே சுருண்டு அந்த இடைவெளியில் உட்கார்ந்தது. நரி வந்த வேகத்தில் மூக்கை முள்ளிலே கொடுத்தது. பிறகு கேட்டது பாட்டு இல்லை, பழைய ஊளை. தொடக்கம் சின்னது. முடிவு காட்டின் மறுகோடி வரைக்கும் நீண்டு தேய்ந்தது.

முள்ளெலி கட்டையை உருட்டி வாசலை மூடியது. குட்டிகள் நான்கும் தும்பையின் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொண்டன.

"என்ன இருந்தாலும், குரல் நல்ல குரல்" என்றது ஓணான்.

"அந்தக் குரலுக்கு நீர் கதவு திறந்திருந்தால், அடுத்த பாட்டை அதன் வயிற்றுக்குள் இருந்துதான் கேட்டிருப்பீர்" என்றது ஆமை. எல்லோரும் சிரித்தார்கள். ஓணான் அதற்கும் தலையாட்டியது.

முள்ளெலி மறுபடியும் எண்ணியது. நாற்பது. திருப்திக்காக இன்னொரு முறை எண்ணியது. நாற்பதுதான். தும்பை பொட்டலத்தைப் பிரித்தாள். இலந்தைப் பழம் நாற்பத்து மூன்று இருந்தது. ஆளுக்கு ஒன்று போக, மீதி மூன்று.

நீதி: முடிவின் இனிமையில் மயங்காதே, தொடக்கம் பொருந்துகிறதா என்று பார்.