பூ வாசல் குகை

மூங்கில் காட்டில் மங்கலை என்ற யானை, வழி தவறி வந்த நாய்க்குட்டி ஒன்றைத் தன் பிள்ளையாக வளர்த்துவந்தது. குட்டியின் பெயர் சுண்டல். மங்கலை போகும் இடமெல்லாம் அதன் கால்களுக்கு நடுவே சுண்டலும் போகும். பார்த்த விலங்குகள் சிரித்தன. மங்கலை கண்டுகொள்ளவில்லை.

கோடை வந்து குளம் வற்றியது. யானைக்கூட்டம் மலைக்கு அப்பால் உள்ள ஆற்றுக்குக் கிளம்பியது. வழியில் ஊர்கள் உண்டு. குட்டி குரைத்தால் ஆட்கள் தீப்பந்தத்தோடு வந்துவிடுவார்கள், அதை அழைத்து வரவே கூடாது என்று கூட்டத்தின் தலைவி சொல்லிவிட்டது. மழை வரும்வரை சுண்டலை யாரிடமாவது விட்டாக வேண்டும்.

காட்டில் குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு இருந்தன. முதலில் காட்டுப்பன்றி பொன்னாத்தாவின் புதருக்கு மங்கலை போனது. அங்கே ஒரே கூச்சல். ஒரு முயல்குட்டி அழுதுகொண்டிருந்தது. கீரிக்குட்டிகள் ஒரு நெல்லிக்காய்க்காக அடித்துக்கொண்டன. எல்லாவற்றின் மேலும் சேறு.

பொன்னாத்தா வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. குட்டியின் பெயர் என்ன, என்ன சாப்பிடும், எது ஒத்துக்கொள்ளாது, கடிக்குமா, இடி இடித்தால் பயப்படுமா என்று கேட்டுக்கொண்டே போனது.

"நான் பிள்ளைய விட வந்தேனா, இல்ல விசாரணைக்கு வந்தேனா?" என்று மங்கலை கடுப்பானது.

"தெரியாம எப்படிம்மா பாத்துக்கறது?" என்றது பன்றி.

மங்கலை முகத்தைத் திருப்பிக்கொண்டு, நரி சித்தாங்கனின் குகைக்குப் போனது. அடடா, என்ன வாசல்! சுற்றிலும் தாழம்பூ. ஆனால் யானையின் தலைகூட நுழையாது. தும்பிக்கையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தது. பூவின் மணம் ஆளைத் தூக்கியது. வேறு எந்த வாசனையும் தெரியவில்லை.

இலவம்பஞ்சு மெத்தை உண்டு, இரண்டு வேளையும் குளியல் உண்டு என்று நரி அடுக்கியது. மற்ற குட்டிகளின் சத்தமே இல்லையே என்று மங்கலை கேட்டது.

"எல்லாம் தூங்குதுங்கக்கா. இங்க அவ்வளவு ஒழுக்கம்!"

மங்கலை உருகிப்போனது. அவ்வளவு பெரிய தலைக்குள் இருந்த மூளையும் வாசலோடு நின்றுவிட்டது, பாவம். சுண்டல் வாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போக மறுத்தது. அடம் பிடிக்கிறது என்று நினைத்த மங்கலை, அதைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு அழுதுகொண்டே நடந்தது.

மேடு ஏறும்போதுதான், இடிக்குச் சுண்டல் நடுங்கும் என்பதை நரியிடம் சொல்லாதது நினைவுக்கு வந்தது. நாம் சொல்லவில்லை, சரி. நரி ஏன் கேட்கவில்லை? என்ன சாப்பிடும் என்றும் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லையே! பெயர் தெரியாமல் பிள்ளையை எப்படிக் கூப்பிடும்? கூப்பிடுகிற எண்ணமே இல்லையோ?

மங்கலை சட்டென்று திரும்பியது. காடு அதிர ஓடி வந்து, குகை வாசலில் நின்று பிளிறியது. அந்தச் சத்தத்துக்கு மலையே விழித்துக்கொள்ளும். உள்ளே தூங்குவதாகச் சொன்ன குட்டிகளில் ஒன்றுகூட விழிக்கவில்லை. மங்கலை தாழம்பூவைப் பிய்த்தெறிந்து, வாசல் பாறையை முட்டித் தள்ளியது. உள்ளே மெத்தையும் இல்லை, குட்டிகளும் இல்லை. பழைய எலும்புகள்தான் கிடந்தன. ஒரு மூலையில் நரியின் மூக்கைக் கவ்விக்கொண்டு சுண்டல் தொங்கியது.

"குளிப்பாட்டத்தாங்கக்கா பாத்தேன்," என்று நரி முனகியது.

அந்தக் குகைப் பக்கம் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மங்கலை நரியின் வாலைப் பிடித்துச் சுழற்றி எறிந்தது. இலந்தை முள்ளில் விழுந்த நரி, அன்றைக்கே காட்டை விட்டு ஓடியது.

மங்கலை சுண்டலைத் தூக்கிக்கொண்டு பன்றியின் புதருக்கே திரும்பிப் போனது. பொன்னாத்தா மறுபடியும் முதலிலிருந்து கேள்விகளைத் தொடங்கியது. மங்கலை ஒன்று விடாமல் பதில் சொன்னது. கேட்காததையும் சொன்னது. காதுக்குப் பின்னால் சொறிந்தால் தூங்கும், முதல் வாயை ஊட்டித்தான் விட வேண்டும், கோபித்துக்கொண்டால் கெஞ்ச வேண்டும். கடைசியில் பன்றிக்கே அலுத்துவிட்டது.

"போதும்மா, கிளம்பு. உன் கூட்டம் போயிடப்போகுது."

அதற்குள் சுண்டல் கீரிக்குட்டிகளோடு சேற்றில் புரண்டுகொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது மங்கலைக்குக் கொஞ்சம் வலித்தது, ஆனாலும் நிம்மதியாக மலையேறியது.

நம் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்கிறவர் தம் இடத்தின் பெருமையைப் பேச மாட்டார், பிள்ளையைப் பற்றித்தான் கேட்பார்.