சீட்டின் முன் விளிம்பு

"பைக் சீட்டுக்கு நாலு பேடு மாத்திப் போட்டுட்டனுங்க அம்மிணி. நாலும் ஏமாத்து வேலை. ஒரு மணி நேரம் ஓட்டுனா உக்கார முடியறதில்லை. நல்லதா ஒண்ணு சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம்."

இப்படித்தான் ஆரம்பித்தார் சென்னியப்பன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஒட்டன்சத்திரம் பைபாஸில் பைக்குகளுக்கு சீட் தைக்கும் கடை அது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கடையை நடத்துபவர் ஜரீனா. வயது முப்பத்தைந்துக்குள்தான். ஆனாலும் தொலைதூரம் ஓட்டுகிறவர்கள், பேரன் எடுத்தவர்கள் உட்பட, அவரை 'வாத்தியார்' என்பார்கள். எந்தப் பேடு நல்லது என்று கேட்டு அவரிடம் நேராகப் பதில் வாங்கியவர் யாருமில்லை.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தொன்று. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மாஸ்டர். நாள் முழுக்க பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. ஓட்டையே இல்லாத பனியன் கையில் வந்தால் அவருக்கு இன்னும் சந்தேகம் வரும்.

அலமாரியில் இருந்த பேடுகளை எடுத்தார். ஜெல் பேடை மோந்து பார்த்தார். காற்றடைக்கிற பேடைக் காதருகே வைத்துக் கேட்டார். ஃபோம் பேடைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"கட்டவிரலாண்ணே உக்காரப் போகுது?" என்றார் ஜரீனா.

"மெத்துனு இருக்குதான்னு பாக்கோணுமில்லீங்க."

"கடையில மெத்துனு இருக்கறது பழனி தாண்டுறதுக்குள்ள அமுங்கிரும்."

"அப்பறம் எதுக்கு விக்கறீங்க?"

ஜரீனா துணியில் கோடு போடும் சாக்கட்டியை நசுக்கிப் பொடியாக்கி, சென்னியப்பனின் பைக் சீட்டில் முன்னாலிருந்து கடைசிவரை தூவினார்.

"பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிட்டு வாங்க."

"பேண்ட்டு என்னாகறது?"

"தட்டுனாப் போயிரும்."

சென்னியப்பன் யோசித்தார். தான் அந்தப் பக்கம் போனதும் நல்ல பேடை ஒளித்துவிட்டு மட்டமானதை எடுத்து வைத்துவிட்டால்? மூன்று பேடையும் தன் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். ஜரீனா தடுக்கவில்லை. தடுக்காததும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். ஜரீனா அவரை இறங்கச் சொல்லி சீட்டைக் காட்டினார்.

டேங்கை ஒட்டி நாலு விரல் அகலத்துக்குத்தான் பொடி அழிந்திருந்தது. மீதி சீட்டில் போட்டது போட்டபடி இருந்தது.

"உங்களுக்கு எந்தப் பேடு போட்டாலும் வலிக்கும்ணே. பேடு பின்னாடி கெடக்கும். நீங்க விளிம்புல தொங்கிக்கிட்டுப் போவீங்க."

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

"சீக்கிரம் போகோணும்னு முன்னாடி நகந்துருவனாட்ட இருக்குதுங்க."

"அப்பிடி எங்க போறீங்க?"

"திருநெல்வேலிக்கு. பொண்ணு நர்சிங் படிக்குது, ஹாஸ்டல்ல. ஞாயித்துக்கெழமையானாப் போயிருவன்."

"காத்துக்கிட்டிருக்குமா?"

"காத்துட்டிருந்தா எப்படீங்க? சொல்லாமத்தான போவன். பஸ்ஸுன்னா எந்நேரத்துக்கு வருவன்னு தெரிஞ்சிரும். பைக்குன்னாத் தெரியாது."

"போயி என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?"

"ஏழு வாரம் ஆச்சு. ஒண்ணுமில்லீங்க. அதுதான் எனக்கு இடிக்குது."

ஜரீனா சிரிக்கவில்லை.

"போன வாரம் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

சென்னியப்பன் பையின் ஜிப்பைத் திறந்தார். மூடினார்.

"கேட்டுக்கு உள்ளயே நின்னுச்சு. 'பாத்துட்டீங்கல்லப்பா, கெளம்புங்க'ன்னுச்சு. தீவாளிக்கு ஊருக்கு வரலியாம்."

தாயில்லாத ஒரே பெண். அவளும் வராவிட்டால் அந்த வீட்டில் அவர் மட்டும்தான். அந்தப் பயத்தை இதுவரை யாரிடமும் அவர் வெளியே சொன்னதில்லை.

"இப்பவே போனப் போட்டு, வர்றேன்னு சொல்லுங்க," என்றார் ஜரீனா.

"சொன்னா உசாராயிருமுங்க."

"ஆகட்டுமே."

சென்னியப்பன் அவரை உற்றுப் பார்த்தார். இந்த அம்மாவும் தன் மகளும் கூட்டுச் சேர்ந்திருப்பார்களோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இன்றுதான் முதல் தடவை இந்தக் கடைக்கே வந்திருக்கிறார். நினைத்ததற்கு அவருக்கே வெட்கமாகிவிட்டது.

போனை எடுத்தார். லாரிச் சத்தத்தில் காது கேட்காதென்று ஸ்பீக்கரில் போட்டார்.

"சௌபர்ணிகா, அப்பா பேசறன். வந்துட்டிருக்கறன். மத்தியானம் ஒண்ணரைக்கு அங்க இருப்பன்."

ஸ்பீக்கரில் மகளின் குரல் தாழ்ந்து வந்தது.

"நீங்க இப்பக் கீழதான நிக்கறீங்க?"

"இல்ல சாமி. ஒட்டன்சத்திரத்துல இருக்கறன்."

"சும்மா சொல்லாதீங்கப்பா."

போனில் அவள் படியிறங்கும் செருப்புச் சத்தம் தடதடவென்று கேட்டது. இரும்பு கேட் திறந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

"எங்கப்பா ஒளிஞ்சிட்டிருக்கீங்க?"

ஜரீனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னியப்பன் போனை வாயருகே கொண்டுபோனார்.

"நீ வரச்சொன்னா வர்றன். வரட்டுமா, கண்ணு?"